ஒரு திருகாணியும் உடம்படுமெய்யும்

நம் துறை மலருக்கு ஆண்டுதோறும் இலக்கணக் கட்டுரை ஒன்று எழுதித் தருவது என் வழக்கம். இவ்வாண்டும் புணர்ச்சி இலக்கணம் பற்றி எழுதுவதாகத் துறைத்தலைவரிடம் ஒப்புக்கொண்டு, நன்னூல் உரைகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். ஆனால் மேசைமேல் கிடக்கும் ஒரு சிறு பொருள் என் பேனாவை வேறு பக்கம் இழுத்துச் சென்றுவிட்டது. வெண்ணிற நைலானால் ஆன திருகாணி அது. தடிப்பு ஆறு மில்லிமீட்டர். நீளம் சுண்டுவிரலின் பாதி இருக்கலாம். கடைக்காரர்கள் அதனை 'நைலான் போல்ட்' என்பர். என் தம்பி மகனும் அவ்வாறே சொல்வான். கல்லூரிக்கு வரும் நாள்களில் அதனை மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறேன். சட்டைப் பையில் வைப்பதில்லை. அதற்குரிய காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கணமும் இடையில் வரும். ஆதலால் துறைத்தலைவர் பொறுத்தருள்வாராக.

எங்கள் பூர்வீக வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. பொறியியற் கல்லூரியில் இயந்திரவியல் பயிலும் தம்பி மகன், உடன் பயிலும் நண்பர் மூவருடன் சேர்ந்து, அவ்வீட்டின் மாடியறையில் ஒரு பெரிய மாதிரி விமானம் செய்யத் தொடங்கினான். பெரிய என்று சொல்வது வெறும் அடைமொழி அன்று. ஒற்றைத்தள இறக்கையின் விரிவு எண்பது அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அதனைப் பெரிய மாதிரியாகக் கொள்வது என்று அமெரிக்க ஆர்வலர் சங்கம் ஒன்று அளவு வகுத்திருக்கிறதாம். பையன்கள் செய்ததோ தொண்ணூற்றாறு அங்குலம், அதாவது முழு எட்டடி. மின்கலத்தையும் மோட்டாரையும் சேர்த்து எடை ஆறு கிலோ. பால்சா என்னும் எடை குறைந்த மரத் தகடுகளை அஞ்சலில் வரவழைத்தனர். இறக்கையைத் தாங்கும் அலுமினியக் குழாயை, நூற்பாலைகளுக்கு உதிரிப் பாகங்கள் விற்கும் ராஜபாளையத்துக் கடை ஒன்றில் தேடிப் பிடித்தனர். இறக்கையின் எலும்புக்கூட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்தி, வீட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இறுக்கினர். என் தம்பி மனைவியின் இஸ்திரிப் பெட்டி அதன்பின் துணிக்கு உதவவில்லை.

மாடிப்படி நடுவில் ஒருமுறை திரும்பும். எட்டடி நீளப் பொருள் அந்தத் திருப்பத்தைக் கடக்காது. ஆகவே இறக்கைகளை இடம், வலம் எனத் தனித்தனியே கழற்றி மாட்டும் வகையில் அமைக்க வேண்டியதாயிற்று. "பிரித்து எழுதுக, சேர்த்து எழுதுக என்று நீங்கள் வினாத்தாளில் கேட்பீர்களே பெரியத்தா, அதேதான்" என்று அவன் சிரித்தான். எனக்கும் அவ்வுவமை பிடித்துப்போயிற்று.

கழற்றி மாட்டுவது இவர்கள் கண்டுபிடித்த உத்தி அன்று. விமானம் தோன்றிய நாள் முதலாக அதனுடன் வருவது. ரைட் சகோதரர்கள் தம் பொறிகளை டேட்டன் நகரில் செய்து, பகுதி பகுதியாகக் கட்டி அனுப்பி, கிட்டி ஹாக் கடற்கரை மணலில்தான் பூட்டினர். 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அலகாபாத்திலிருந்து நைனிக்கு அஞ்சற்பை சுமந்து பறந்த விமானமும் கப்பலில் பகுதிகளாக வந்து இங்கே பூட்டப்பெற்றதே. 1908இல் வில்பர் ரைட் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் தம் பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே எல்லாம் முறிந்தும் கிழிந்தும் கிடந்தன. கட்டி அனுப்பிய தம்பி ஆர்வில்லின் கவனக்குறைவு என்று கருதிக் கடுமையாகக் கடிதம் எழுதிவிட்டார். பின்னரே சுங்க அலுவலர்கள் பெட்டிகளைக் குலைத்துப் போட்டது தெரியவந்தது. பிழை ஓரிடத்தில் இருக்க, பழி வேறிடம் சென்ற கதை அது. இதனை நான் அறிந்தது நிகழ்ச்சிக்கு வெகுநாள் கழித்து.

இறக்கை எவ்வாறு உடலோடு பொருந்துகிறது என்பதை மாடியறையில் ஒருநாள் அவன் எனக்கு விளக்கினான். "கையைப் பக்கவாட்டில் நீட்டி ஒரு செம்பு நீரைப் பிடியுங்கள், பெரியத்தா. எங்கே வலிக்கிறது?" என்றான். தோளில் வலித்தது. "இறக்கைக்கும் அப்படித்தான். காற்று அதனை நீளம் முழுதும் மேலே தள்ளும், வளைவு முழுவதும் தோளுக்கு வந்து சேரும்" என்றான். விமானம் நேராகப் பறக்கையில் ஒவ்வோர் இறக்கையும் மூன்று கிலோவைத் தாங்கினால் போதும். அறுபது பாகை சாய்ந்து உயரம் குறையாமல் வளையும்போது அஃது இரு மடங்காகும். கீழ்நோக்கிப் பாய்ந்து சடாரென்று நிமிர்ந்தால் நான்கு மடங்கும் ஆகலாம். அவ்வளைவைத் தாங்குவது அலுமினியக் குழாய். அக்குழாய் இடப்புற இறக்கைக்குள் புகுந்து, உடலைக் குறுக்கே கடந்து, வலப்புற இறக்கைக்குள் முடிகிறது. எனவே இடத்தோளின் சுமையை வலத்தோள் சமன் செய்கிறது. உடல் நடுவில் தொங்கிக்கொண்டு செல்கிறது. இறக்கை குழாயைச் சுற்றி முறுக்கிக்கொள்ளாதபடி, அடிப்பகுதியில் முன்னும் பின்னுமாக இரு சிறு முளைகள் உடலிலுள்ள துளைகளில் பொருந்தும்.

"அப்படியானால் இந்த போல்ட் எதற்கு?" என்று கேட்டேன். உடலின் உட்புறமிருந்து திருகி, இறக்கையின் அடிவிலாவில் பதித்த மரையில் இறுக்க வேண்டிய நைலான் போல்ட், பக்கத்துக்கு ஒன்று. "இறக்கை வெளியே நழுவாமல் பிடித்துக்கொள்ள. அதற்குச் சுமை மிகக் குறைவு. அதனால்தான் நைலான். விமானம் தரையில் மோதினால் இதுவே முதலில் முறிந்து இறக்கையை விடுவிக்கும், விலை உயர்ந்தது பிழைக்கும்" என்றான். சிறிய மாதிரிகளில் இறக்கையை ரப்பர் வளையத்தால் கட்டுவதும் இந்தக் கருத்தில்தானாம்.

எனக்கு அப்போதே நன்னூல் நினைவுக்கு வந்தது. நிலைமொழியின் ஈற்றிலும் வருமொழியின் முதலிலும் உயிர் நின்றால் இரண்டும் நேரே சேரா. 'மணி' என்பதும் 'அடி' என்பதும் சேர இடையில் யகரம் ஒன்று வேண்டும். இரண்டு சொல்லுக்கும் உரியதன்று அவ்வெழுத்து, பொருளும் தருவதில்லை. ஆயினும் அஃது இன்றி 'மணியடி' இல்லை. உடம்படுமெய் என்று இலக்கணத்தார் அதற்குப் பெயரிட்டனர். உடல் நிலைமொழி, இறக்கை வருமொழி, இந்த நைலான் போல்ட் உடம்படுமெய் என்றேன். பையன்கள் மகிழ்ந்து கைதட்டினர். அக்கைதட்டல் எனக்கு நன்மை செய்யவில்லை என்று பின்னர் உணர்ந்தேன்.

இவ்விடத்தில் என் அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேரடிக்குச் செல்லும் வழியில் அவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அக்காலத்து சைக்கிளில் பெடல் தண்டை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்னும் சிறு ஆப்பு. ஒருபுறம் சாய்வாகச் சீவிய இரும்பு ஆணி. நடுவிரல் நீளம்கூட இராது. அதனைச் செருகி, சுத்தியலால் தட்டி, மறுமுனையில் மரையை முடுக்குவார். தட்டும் ஓசை மாறும்வரை தட்டுவார். முதலில் மந்தமாகக் கேட்கும் ஓசை, ஆப்பு நன்றாக இறுகியதும் கணீரென்று ஒலிக்கும். அவ்வோசை வரும்வரை அத்தா யாரோடும் பேசமாட்டார். கடைக்கு யார் வந்தாலும், சலாம் சொன்னாலும், தலையை மட்டும் அசைப்பார். ஆணி இறங்கிய பிறகே வாய் திறப்பார். இதனைச் சிலர் செருக்கு என்று எண்ணியதும் உண்டு.

ஆடிப்பூரத்துக்கு முன்னால் ஆண்டாள் கோயில் பெருந்தேரை ஆயத்தம் செய்யும் ஆள்கள் எங்கள் கடையைக் கடந்து போவார்கள். ஓராண்டு முழுதும் வாளா நின்ற தேரின்மேல் மரங்களைப் பூட்டி, கயிற்றால் பிணைத்து, துணி போர்த்தி எழுப்பும் காட்சியைச் சிறுவனாகிய நான் கடை வாசலிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்து நிற்பேன். தேர் ஓடும் நாளில் சக்கரத்துக்கருகே முட்டுக்கட்டையோடு குனிந்து செல்பவர்களை அத்தா எனக்குச் சுட்டிக்காட்டுவார். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில் இருக்க, அவர் பார்வை அந்தச் சிலர்மேல்தான் இருக்கும். வள்ளுவர் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் உருண்டோடும் பெருந்தேரின் அச்சாணியை உவமையாக்கியதை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்க்கு நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் அத்தாவின் காட்டர் பின் மனத்தில் வரும். நடத்துவது வேறு, ஆணியைச் செருகுவது வேறு என்று எனக்கு உரைத்தது 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில்.

கோடை விடுமுறை. ஊருக்கு வெளியே கண்மாயின் ஒரு பகுதி வற்றிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. மேற்கே மலை, கிழக்கே வெட்டவெளி. பகலில் வெப்பக்காற்று கிளம்பிவிடும் என்பதால் வைகறைத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். மக்கள் 'குட்டியானை' என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியில், பழைய மெத்தையின்மேல் இறக்கைகளைப் படுக்க வைத்து எடுத்துச் சென்றோம். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கண் பார்வைக்குள் இயக்கும், இருபத்தைந்து கிலோவுக்கு மேற்படாத பொறியை மாதிரி என்று வகைப்படுத்துகின்றன. விதிகளையெல்லாம் பையன்கள் படித்து வைத்திருந்தனர். கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு அனுமதியும் பெற்றிருந்தனர். அவர்களுடைய ஆயத்தத்தில் குறை ஒன்றும் இல்லை.

தரையில் விரித்த சமுக்காளத்தின்மேல் பூட்டும் வேலை தொடங்கியது. குழாயைச் செருகினர். இறக்கைகளைத் தள்ளிப் பொருத்தினர். இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடலை இயக்கும் சிறு மோட்டாரின் கம்பிகளை, இடம் இடத்தோடும் வலம் வலத்தோடும் சேருமாறு நிறம் பார்த்து இணைத்தனர். நால்வர் கைகளும் நிறைந்திருந்தன. "பெரியத்தா, இந்த இரண்டு போல்ட்டையும் நீங்கள் மாட்டிவிடுங்கள்" என்று என் உள்ளங்கையில் வைத்தான். வலப்புறத்தை மாட்டினேன். விரலால் முடுக்கி, பிறகு திருப்புளியால் கால் சுற்று. நன்றாகவே மாட்டினேன்.

இடப்புறத்துக்கு வந்தபோது அவன் நண்பருள் ஒருவன் கேட்டான்: "ஐயா, விங் என்பதற்கு இறக்கை சரியா, சிறகு சரியா? கலாம் நூலின் தமிழ்ப் பெயர் அக்னிச் சிறகுகள் என்றுதானே இருக்கிறது?"

தமிழாசிரியனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கலாமா! நிமிர்ந்து நின்றுவிட்டேன். இறகுக்கும் சிறகுக்கும் வேறுபாடு சொன்னேன். பழைய இலக்கியத்தில் சிறை என்ற சொல்லே இறக்கையையும் குறித்தது, காவலையும் குறித்தது. பறப்பதற்கும் அடைபடுவதற்கும் ஒரே சொல் அமைந்த விந்தையைப் பாருங்கள் என்றேன். புறநானூற்றின் இருபத்தேழாம் பாட்டில் ஓட்டுபவன் இன்றிச் செல்லும் வான ஊர்தி பற்றிய குறிப்பு வருவதையும், அது பாகன் இல்லாத உங்கள் பொறிக்கும் பொருந்துமே என்பதையும் எடுத்துரைத்தேன். அங்கிருந்து சீவக சிந்தாமணிக்குத் தாவினேன். சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி; வலப்புறம் திருகினால் மேலெழும், இடப்புறம் திருகினால் கீழிறங்கும்; கருவுற்ற விசயை அதில் ஏறிச் சென்று சுடுகாட்டில் இறங்கினாள் என்று கைகளை வீசிக் கதை சொன்னேன். குர்துபா நகரத்து அப்பாஸ் இப்னு பிர்னாஸ் ஒன்பதாம் நூற்றாண்டில் சிறகு கட்டிப் பறந்ததாகவும், வால் அமைக்க மறந்தமையால் இறங்கும்போது அடிபட்டதாகவும் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதி வைத்துள்ளதையும் விடவில்லை. மறந்தது வால்தான் என்று நகைத்தேன்.

திருகுவது பற்றி அவ்வளவு பேசிய நான், கையிலிருந்ததைத் திருகவில்லை. கைவீச்சுக்கு இடையூறாக இருந்த போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பறப்பதற்கு முன் சோதனையும் நடந்தது. இருவர் இறக்கை முனைகளைப் பிடித்து விமானத்தைத் தரையிலிருந்து தூக்கினர். அவ்வாறு தூக்குகையில் இறக்கையின் அடியில் விழும் வளைவு, நேராகப் பறக்கையில் விழுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இறக்கை அசையவில்லை. அசையாததன் காரணம் இப்போது விளங்குகிறது. முனைகளைத் தூக்கும்போது குழாய் தன் உறைக்குள் இன்னும் இறுகிப் பற்றிக்கொள்ளும். அச்சோதனை குழாயின் வலிமையைத்தான் காட்டும். போல்ட் இல்லாததைக் காட்டாது.

விமானம் எழுந்தது. அதன் அழகை இங்கே விரிக்கப் போவதில்லை. ஒரு வட்டம் சுற்றி வந்தது. இரண்டாம் வட்டத்தில் இடப்புறம் சாய்ந்து திரும்பும்போது இறக்கைக்கும் உடலுக்கும் இடையே ஒரு கோடு வெளுத்துத் தெரிந்தது. ஆகாயத்தின் வெளிச்சம் அந்த இடைவெளியில் புகுந்ததுதான் அக்கோடு. மோட்டாரின் அதிர்வு இறக்கையைச் சிறிது சிறிதாக வெளியே நகர்த்தியிருக்கிறது. முளைகள் துளைகளை விட்டு நீங்கியதும் இறக்கை குழாயைச் சுற்றி ஒருமுறை புரண்டு, கழன்று, ஒற்றை இலைபோல் தனியே மிதந்து இறங்கியது. உடல் அப்படி இறங்கவில்லை. சுழன்றுகொண்டே சீமைக் கருவேலம் புதர்களின் பக்கம் பாய்ந்தது. ஆடு மேய்க்க வந்த இரு சிறுவர் அங்கே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தனர். விமானம் விழுந்த இடத்துக்கும் அவர்கள் நின்ற இடத்துக்கும் இடையிலிருந்த தொலைவை என் தம்பி மகன் பின்னர் அடி வைத்து அளந்தான். பதினெட்டு அடி.

சிறுவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. எனக்குக் கால்கள் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டேன். துவைக்க எடுத்த என் மனைவி, பையிலிருந்த பேருந்துச் சீட்டையும் சில்லறைக் காசுகளையும் மேசைமேல் வைத்தாள். அவற்றோடு வெண்ணிறப் போல்ட்டும் கிடந்தது. "இது என்ன, பிள்ளைகளுடையதா?" என்று கேட்டாள். ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உண்மையைச் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மாடியறையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இறக்கையின் அடிவிலாவில் மரையைப் பசையிட்டுப் பதித்தவன், கலாம் நூலைப் பற்றிக் கேட்ட அதே பையன். தன் பசைதான் விட்டுவிட்டது என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரல் படியிறங்கி வந்து என் அறையில் விழுந்தது. என் தம்பி மகனோ, இல்லை, குழாயின் நீளத்தை நான்தான் தவறாகக் கணக்கிட்டேன் என்றான். ஓராண்டு உழைப்பு சிதைந்து கிடக்க, இரு பிள்ளைகளும் பழியைத் தம்மேல் இழுத்துக்கொள்ளப் போட்டியிட்டனர். கீழே, நாற்பது வயது கடந்த ஆசிரியன் ஒருவன் போல்ட்டைக் கைக்குட்டையில் சுற்றி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். ஆம், பூட்டினேன். அன்றிரவும் மறுநாள் பகலும் அஃது அங்கேயே இருந்தது.

ஏன் உடனே சொல்லவில்லை? வெட்கம் என்று சொன்னால் பாதி உண்மைதான். பிள்ளைகளுக்கு முன்னால் தலைகுனிய நேரும் என்பதைவிட, நான் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணமே வலியதாயிருந்தது. தேர்வுத்தாளில் ஒரு மாணவனின் சிறு மறைப்பைக் கண்டு நான் காட்டிய கடுமைகள் எல்லாம் அன்றிரவு வரிசையாக வந்து நின்றன.

மறுநாள் மாலை மாடிக்குச் சென்றேன். நால்வரும் இருந்தனர். கைக்குட்டையை அவிழ்த்துப் போல்ட்டைச் சிதைந்த இறக்கையின் அருகில் வைத்து, "இது என் சட்டைப் பையில் இருந்தது" என்றேன். அதற்குமேல் ஆயத்தம் செய்து வைத்திருந்த சொற்கள் வரவில்லை.

பசையிட்ட பையன் முகத்தில் அப்போது தோன்றியதை நான் மறக்கமாட்டேன். கோபம் இல்லை, மூச்சு விட்டான், அவ்வளவே. என் தம்பி மகன் மட்டும் வியப்படையவில்லை. சற்று நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான்: "எனக்கு நேற்றே தெரியும், பெரியத்தா."

இறக்கையை எடுத்துக் காட்டினான். அடிவிலாவில் மரை அசையாமல் பதிந்திருந்தது, பசை விடவில்லை. மரையின் புரிகள் தூய்மையாக இருந்தன. போல்ட் மாட்டியிருந்து முறிந்திருந்தால் அதன் அடித்துண்டு மரைக்குள் நின்றிருக்கும். நழுவிக் கழன்றிருந்தால் புரியிலே நைலான் துகள் ஒட்டியிருக்கலாம். ஒன்றும் இல்லாததால் போல்ட் உள்ளே செல்லவே இல்லை என்று விழுந்த இடத்திலேயே கண்டுகொண்டானாம். நண்பனைத் தேற்றத்தான் பொய்யாகத் தன் கணக்கின்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"தெரிந்தும் ஏன் கேட்கவில்லை?"

"எப்படிக் கேட்பது, பெரியத்தா? பறக்க விடுவதற்கு முன்னாலேயே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். நீங்கள் மாட்டியதை நான் குனிந்து சரிபார்த்தால், உங்களை நம்பவில்லை என்றாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்."

அவ்விடைக்கு என்னிடம் மறுமொழி இல்லை. பெரியவர் செய்ததைச் சிறியவர் சரிபார்ப்பது எங்கள் வீட்டில் மட்டுமா மரியாதைக் குறைவு? வகுப்பறையில் நான் கரும்பலகையில் எழுத்துப் பிழை விட்டால் எத்தனை மாணவர் கைதூக்கினர் என்று எண்ணிப் பார்த்தேன். பிழை விட்டிருப்பேன், இத்தனை ஆண்டுகளில் விடாதிருக்க முடியாது. கை மட்டும் எழுந்ததாக நினைவில்லை. நான் அதனை ஒழுக்கம் என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

அவன்தான் பிறகு எனக்குத் தெனெரீஃப் விபத்தைப் பற்றிச் சொன்னான். 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட ஓடத் தொடங்கிய டச்சு விமானத்தின் பொறியாளர், எதிரே இருந்த மற்ற விமானம் பாதையை விட்டு நீங்கிவிட்டதா என்று ஐயம் எழுப்பினார். தலைமை விமானி நீங்கிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் அந்நிறுவனத்தில் பெருமதிப்புக்குரிய மூத்தவர். மறுமுறை எவரும் கேட்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில், இளையவர் தயங்காமல் கேட்கவும் மூத்தவர் அதனை ஏற்கவும் விமானப் பணியாளருக்குத் தனிப்பயிற்சியே ஏற்பட்டது. இறக்கையைக் கழற்றி மாட்டிப் பறக்கும் பெரிய கிளைடர்களிலும் மாட்டுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்பது நெறியாம். மூத்தவர், இளையவர் என்று அதில் பார்ப்பதில்லை. நம் சமுதாயத்துப் பெரியவர்கள் இம்மலரைப் படிப்பார்கள் என்று தெரியும். மரியாதையைக் குறைக்கச் சொல்லவில்லை. என் தம்பி மகன் என்மேல் வைத்த மரியாதை, ஆடு மேய்க்க வந்த இரு சிறுவருக்குப் பதினெட்டு அடி தொலைவில் விழுந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இறக்கையைப் பழுது பார்க்க ஐந்து வாரம் ஆயிற்று. சோதனை முறையையும் மாற்றினர். முனைகளைத் தூக்குவதோடு, இறக்கையின் அடியைப் பிடித்து வெளிப்புறமாக மெல்ல இழுத்துப் பார்ப்பதையும் சேர்த்தனர். போல்ட் இல்லையென்றால் அந்த இழுப்பிலேயே இடைவெளி விழுந்துவிடும். ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒருவன் உரக்கப் படிக்க, மாட்டியவர் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும் என்று விதித்தனர். வேடிக்கை பார்ப்போர் நிற்க வேண்டிய இடத்தைக் கயிறு கட்டி வரையறுத்தனர்.

ஜூன் மாதம் முதல் வாரத்தில், மலைக்காற்று வலுக்குமுன், மறுபடியும் அதே கண்மாய்க்குச் சென்றோம். செய்தி பரவி, தெருப் பெரியவர்கள் சிலரும் வந்திருந்தனர். என் அத்தாவின் நண்பரான முதியவர் ஒருவரும் அவர்களுள் இருந்தார். சமுக்காளம் விரித்தார்கள். தம்பி மகன் இரண்டு போல்ட்டுகளை என்னிடமே நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்; அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கிக்கொண்டு குனிந்தேன். அந்த முதியவர் ஏதோ நலம் விசாரித்தார். தலையை மட்டும் அசைத்தேன்.

தாளை வைத்திருந்தவன் பசையிட்ட பையன். "வலப்பக்க போல்ட்?" என்று படித்தான். தொட்டுக் காட்டினேன். "இடப்பக்க போல்ட்?" தொட்டுக் காட்டினேன். என் தம்பி மகன் எனக்கருகில் மண்டியிட்டு, நான் மாட்டியதைத் தானும் விரல்விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு இறக்கையின் அடியைப் பற்றி வெளியே இழுத்தான். ஒருமுறை, இன்னொரு முறை. முதியவரின் புருவம் நெரிந்ததைக் கண்டேன். பெரியத்தா செய்ததைப் பையன் சோதிக்கிறானே என்ற கேள்வி அம்முகத்தில் இருந்தது.

"பெரியத்தா, சட்டைப் பை?" என்றான் அவன், தலை நிமிராமலே.

எழுந்து நின்று, எல்லாரும் பார்க்கப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். ஒரு பேருந்துச் சீட்டு விழுந்தது.

இப்போது என் மேசைமேல் கிடப்பது அன்று மாட்டியது அன்று. முதல் நாள் பையில் தங்கியது. உதிரியாக இருக்கட்டும் என்று பையன்கள் கேட்டார்கள். நான்தான் தரவில்லை.